பழைய ஜப்பானிய எலக்ட்ரிக் கிட்டார்: தேர்ந்தெடுப்பது முதல் வாசிப்பது வரை முழுமையான வழிகாட்டி

பழைய ஜப்பானிய கிட்டார் ஒன்றின் படத்தை அனுப்பி "வாங்கலாமா?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நெக் (தந்திகள் ஓடும் நீண்ட கழுத்து) நேராக இருக்கிறதா? ஹெட்ஸ்டாக்கில் (நெக்கின் நுனித் தலையில்) என்ன பெயர், எத்தனை பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), என்ன நிறம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பிக்கப்பை மாற்றலாம், சுவிட்சைத் துடைக்கலாம், துருவைத் தேய்த்து எடுக்கலாம். முறுக்கிக்கொண்ட நெக்கைச் சரிசெய்ய ஆகும் செலவில் இன்னொரு கிட்டாரே வாங்கிவிடலாம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் முதல் டெய்ஸ்கோ, அந்தப் பெயருள்ள ஜப்பானிய நிறுவனத்தின் கிட்டார். 1960களின் நடுவில் செய்தது, மூன்று பிக்கப், சன்பர்ஸ்ட் நிறம். விற்றவர் பதினோரு படங்கள் போட்டிருந்தார். எல்லாம் முன்பக்கமும் பின்பக்கமும்தான், பக்கவாட்டில் ஒன்றுகூட இல்லை. நான் கேட்கவும் இல்லை. பெட்டியைப் பிரித்து, உடம்பில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கைப் பார்த்தேன். தடித்த தந்திப் பக்கம் ஒரு திசையிலும் மெல்லிய தந்திப் பக்கம் இன்னொரு திசையிலும் வளைந்து போயிருந்தது. வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அன்று ராத்திரியே அதை ஆம்பில் சொருகி, கழுத்துப் பக்கத்து பிக்கப்பை மட்டும் போட்டு ஒரு தந்தியைத் தட்டினேன். மணியின் நாக்கை விரலால் சுண்டியது போன்ற ஒலி, அதற்குள் கொஞ்சம் மரத்தின் சத்தம், கொஞ்சம் காற்று. நான் அதுவரை வைத்திருந்த எந்தப் புதுக் கிட்டாரிலும் அது இல்லை. அந்த ஒலிதான் என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்தது. இந்த வழிகாட்டி, அதே ஒலியை நேரான நெக்கோடு நீங்கள் அடைவதற்காக.

படி 1: எந்தக் காலத்துக் கிட்டார் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"பழைய ஜப்பானிய கிட்டார்" என்று ஒரே பெயரில் சொல்வதற்குள் குறைந்தது இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாற்றம் அடைகிறார்கள்.

முதலாவது 1960கள். அமெரிக்காவின் தி வென்ச்சர்ஸ் என்ற கிட்டார் இசைக்குழு 1962இல் முதல்முறை ஜப்பானுக்கு வந்தது. 1965 ஜனவரியில் மோஸ்ரைட் என்ற அமெரிக்கக் கிட்டார்களோடு மறுபடி வந்தபோது நாடே பற்றிக்கொண்டது. எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஜப்பானியர்கள் வைத்த செல்லப்பெயர் 'எலெக்கி'. அந்த அலைக்கே 'எலெக்கி பூம்' என்றுதான் பெயர். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று சில ஊர்களில் பள்ளி மாணவர்கள் எலெக்கி வாசிக்கத் தடைகூடப் போட்டார்கள். 1946இல் தொடங்கிய டெய்ஸ்கோ, அதற்கும் முன்பே ஹவாயன் ஸ்டீல் கிட்டார் செய்துகொண்டிருந்த குயாடோன், ஹமமட்சு நகரத்தின் காவாய், யமஹா எல்லோரும் இரவு பகலாகச் செய்தார்கள். இன்னொரு பக்கம் அமெரிக்கச் சந்தைக்குக் கப்பல் கப்பலாகப் போயின. ஒரே தொழிற்சாலையில் செய்த கிட்டார், இறக்குமதி செய்பவர் கேட்ட பெயரோடு டெய்ஸ்கோ டெல் ரே, கிங்ஸ்டன், கென்ட், சில்வர்டோன் என்று பல பெயர்களில் அங்கே விற்கப்பட்டது.

இந்தக் காலத்துக் கிட்டார்களின் அழகு அவற்றின் துணிச்சலில் இருக்கிறது. இப்படித்தான் செய்யவேண்டும் என்று யாரும் சொல்லித் தராததால் தோன்றியதையெல்லாம் செய்து பார்த்தார்கள். டெய்ஸ்கோவின் டி.ஜி.-64 மாடலில் பிடித்துத் தூக்க உடம்பிலேயே ஒரு ஓட்டை இருக்கும். டி.ஆர்.ஜி.-1இன் உடம்புக்குள்ளேயே ஒரு சின்ன ஆம்பும் ஸ்பீக்கரும். ஸ்பெக்ட்ரம் 5இல் வரிசையாக வண்ண வண்ண ராக்கர் சுவிட்சுகள். யமஹாவின் எஸ்.ஜி.-7ஐப் பார்த்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே உறைந்துபோனது போல இருக்கும். சேகரிப்பவர்கள் அதைப் 'பறக்கும் சாமுராய்' என்கிறார்கள். இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பலவற்றின் உடம்பு இலேசான லுவான் மரம். நெக் தடி போல இருக்கும். பல மாடல்களில் நெக்கின் வளைவைத் திருப்பிச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராடே கிடையாது. உள்ளே ஓர் இரும்புப் பட்டை மட்டும். ஹெட்ஸ்டாக்கில் 'ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக்' என்று பெருமையாக ஸ்டிக்கர் இருந்தால் அர்த்தம் அதுதான். 1967இல் டெய்ஸ்கோவைக் காவாய் வாங்கியது. 1960கள் முடிவதற்குள் அந்த அலையும் ஓய்ந்தது.

இரண்டாவது உலகம் 1970களின் நடுவிலிருந்து 1980களின் நடுவரை. இப்போது ஜப்பானியர்கள் அமெரிக்காவின் கிப்சனையும் ஃபெண்டரையும் அச்சு அசலாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1970களில் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளின் தரம் இறங்கிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் இவர்கள் 1950களின் பழைய மாடல்களைப் பிரித்துப் பார்த்து, அளவெடுத்துச் செய்தார்கள். கிரெக்கோ, டோக்காய், பர்னி, ஐபனெஸ், ஆரியா ப்ரோ டூ என்ற பெயர்களெல்லாம் அப்போது எழுந்தவை.

இங்கே 'லாசூட்' (வழக்கு) என்ற வார்த்தையைப் பற்றி ஒன்று. விற்பவர்கள் 1970களின் எந்த ஜப்பானிய கிட்டாரையும் 'லாசூட் கிட்டார்' என்று சொல்லி விலையேற்றுகிறார்கள். நடந்த வழக்கு ஒன்றே ஒன்றுதான். 1977 ஜூனில் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மேல் பிலடெல்பியாவில் வழக்குப் போட்டது. விஷயம் ஹெட்ஸ்டாக்கின் வடிவம். 1978இல் நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். அதற்குள் ஐபனெஸ் அந்த வடிவத்தை மாற்றியும் விட்டது. அந்த வார்த்தைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

காப்பி அடித்தது போதும் என்று அவர்கள் சொந்தமாக வடிவமைத்தவைதான் என் பார்வையில் அந்தக் காலத்தின் உச்சம். 1976இல் வந்த யமஹா எஸ்.ஜி.2000இல் நெக் மரம் உடம்பு முழுக்க ஓடும். பிரிட்ஜுக்கு அடியில் பித்தளைத் தகடு பதித்திருக்கும். கார்லோஸ் சந்தானா அதை வாசித்தார். ஐபனெஸ் ஆர்ட்டிஸ்ட், ஆரியாவின் பி.இ. வரிசை இரண்டும் அந்த வரிசையில் வைக்கவேண்டியவை. முதல் கிட்டார் வாங்குகிறவருக்கு நான் சொல்வது இந்த இரண்டாவது உலகத்தைத்தான். ட்ரஸ் ராட் வேலை செய்யும், ஸ்ருதி நிற்கும், மேடைக்கு எடுத்துப்போகலாம். 1960களின் டெய்ஸ்கோ இரண்டாவது கிட்டாராக வரட்டும்.

படி 2: தொழிற்சாலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஹெட்ஸ்டாக்கில் இருப்பது பெரும்பாலும் விற்றவரின் பெயர். செய்தவர் வேறு. நகானோ மாநிலத்தின் மட்சுமோட்டோ நகரம் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், உலர்ந்த காற்றோடு இருக்கிறது. மரவேலைக்கு ஏற்ற ஊர். கிட்டார் தொழில் அங்கே திரண்டதில் ஆச்சரியமில்லை. 1960இல் தொடங்கிய ஃபூஜிகென் அங்கேதான் கிரெக்கோவையும் ஐபனெஸையும் செய்தது. 1982இல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கியபோது அந்த வேலையும் ஃபூஜிகென்னுக்கே போனது. அதே ஊரின் மட்சுமோக்கு, தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்த நிறுவனம். ஆரியா ப்ரோ டூ, வெஸ்டோன், வான்டேஜ், எலெக்ட்ரா, ஜப்பானில் செய்த எபிஃபோன் எல்லாம் அவர்கள் கைவண்ணம். 1987இல் மூடிவிட்டார்கள். டோக்காய் மட்டும் யமஹாவும் காவாயும் இருக்கும் ஹமமட்சுவைச் சேர்ந்தது.

இதனால் உங்களுக்கு என்ன லாபம்? வெஸ்டோன், வான்டேஜ் என்றால் பலருக்குத் தெரியாது, விலையும் குறைவு. ஆனால் அதைச் செய்த கை ஆரியா ப்ரோ டூவைச் செய்த அதே கை. குறைந்த பணத்தில் நல்ல கிட்டார் தேடுகிறவர்கள் மட்சுமோக்குவின் இந்தக் கிளைப் பெயர்களைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

படி 3: எண்களைப் படியுங்கள்

ஜப்பானிய கிட்டாரில் இரண்டு விதமான எண்கள் பேசும்.

ஒன்று மாடல் எண். ஜப்பானில் அப்போது விற்ற விலையையே பல நிறுவனங்கள் மாடல் பெயரில் வைத்தன. டோக்காய் எல்.எஸ்.80 என்றால் 80,000 யென். கிரெக்கோ ஈ.ஜி.500 என்றால் 50,000 யென். ஃபெண்டர் ஜப்பானின் எஸ்.டி.62-65இல் கடைசி எண்தான் விலை: 65,000. ஒரே வடிவம், ஒரே ஆண்டு, ஆனால் எல்.எஸ்.50க்கும் எல்.எஸ்.120க்கும் மரம், பிக்கப், பெயிண்ட் எல்லாமே வேறு. விற்பவர் "டோக்காய் லெஸ் பால்" (கிப்சனின் லெஸ் பால் மாடலைப் போலச் செய்தது) என்று மட்டும் சொன்னால், எண் என்ன என்று கேளுங்கள்.

மற்றொன்று சீரியல் எண். 1975க்குப் பிறகு ஃபூஜிகென் செய்த ஐபனெஸில் முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். எச்78 என்று தொடங்கினால் 1978 ஆகஸ்ட். அதே காலத்துக் கிரெக்கோவிலும் இந்த முறையைப் பார்க்கலாம். டோக்காயில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். ஃபெண்டர் ஜப்பானின் முதல் கிட்டார்கள் ஜே.வி. என்ற எழுத்துகளோடு தொடங்கும். 1982 முதல் 1984 வரை செய்தவை. சேகரிப்பவர்கள் அதிகம் துரத்துவது இவற்றைத்தான். பிந்தைய எழுத்துகளில் கவனம் தேவை: ஏ என்ற எழுத்து 1985-86இலும் வந்தது, 1997-98இலும் வந்தது. முதலாவதில் 'மேட் இன் ஜப்பான்', இரண்டாவதில் 'கிராஃப்டட் இன் ஜப்பான்' என்று இருக்கும். பன்னிரண்டு ஆண்டு வித்தியாசத்தை அந்த ஒரு சொல்தான் காட்டிக்கொடுக்கும்.

பல ஜே.வி. மாடல்களில் எண் இருப்பது நெக்கைப் பிடித்திருக்கும் பின்தகட்டில். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் தகட்டை மாற்றிவிடலாம். ஆகவே தகட்டை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். நெக்கைக் கழற்றி அதன் அடிப்பாகத்தின் முத்திரையையும், பிக்கப்பின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஹெட்ஸ்டாக்கில் டோக்காய் பெயரைச் சுரண்டிவிட்டு கிப்சன் பெயர் ஒட்டியதையும் பார்த்திருக்கிறேன். 1960களின் கிட்டார்களில் சீரியல் எண்ணை நம்பி ஆண்டு சொல்வது பெரும்பாலும் வீண் வேலை. பிக்கப், டெய்ல்பீஸ் (தந்தியின் அடிமுனையைப் பிடிக்கும் பாகம்), ஹெட்ஸ்டாக் வடிவம் மூன்றையும் அந்தந்த ஆண்டின் பழைய கேட்டலாக் படங்களோடு ஒப்பிடுவதுதான் வழி.

படி 4: விளம்பரத்தில் உள்ள ஜப்பானியச் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள்

நல்ல கிட்டார்கள் அதிகம் இருப்பது இன்றும் ஜப்பானுக்குள்தான். டோக்கியோவின் ஓச்சனோமிசு பகுதியில் தெரு முழுக்கக் கிட்டார் கடைகள். ஊர் ஊராக ஹார்டு ஆஃப் என்ற பழைய பொருள் கடைகள் இருக்கின்றன. யாஹூ ஏலத்தில் தினமும் புதிதாக வந்துகொண்டே இருக்கும். ஜப்பானிய விற்பனையாளர்கள் குறைகளை மறைக்காமல் எழுதுவார்கள். ஆனால் மொழிபெயர்ப்புச் செயலி அதைக் கூழாக்கிவிடும். இந்தச் சில சொற்களைத் தெரிந்துவைத்தால் பாதி வேலை முடிந்தது.

நெக் தந்தியின் இழுப்பில் முன்பக்கம் வளைந்திருந்தால் 'ஜுன்சோரி'. ட்ரஸ் ராடை இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும், பயம் வேண்டாம். பின்பக்கம் வளைந்திருந்தால் 'கியாக்குசோரி'. ராடைத் தளர்த்தினால் சரியாகலாம். ராட் ஏற்கெனவே முழுக்கத் தளர்ந்திருந்தால் சிக்கல். 'நெஜிரே' என்றால் முறுக்கு. அந்தச் சொல்லைப் பார்த்தாலே அடுத்த கிட்டாருக்குப் போய்விடுங்கள். 'மோத்தோஓக்கி' என்றால் நெக் உடம்போடு சேரும் இடத்தில் மேலே எழும்பியிருக்கிறது. ராடால் அதைச் சரிசெய்ய முடியாது, ஃப்ரெட்டை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியை) தேய்த்துத்தான் சமாளிக்கவேண்டும். 'கரி' என்று எழுதியிருந்தால் வால்யூம் திருப்பும்போது கரகரக்கும். இதில் முதல் எழுத்தைக் கங்கையின் ககரம் போல ஒலிக்கவேண்டும். ஐந்து நிமிட வேலை அது. 'ஃபுரெட்டோ நோக்கோரி 7 வாரி' என்றால் ஃப்ரெட்டின் உயரம் 70 சதவீதம் மிச்சம். 'ஜன்கு' என்றால் எந்த உத்தரவாதமும் கிடையாது, திருப்பி எடுக்கமாட்டோம் என்று அர்த்தம். உடைந்திருக்கிறது என்று கட்டாயமில்லை. சோதித்துப் பார்க்க ஆம்ப் இல்லாத கடைகள்கூட ஜன்கு என்றே எழுதும். பக்கவாட்டுப் படம் தெளிவாக இருக்கும் ஜன்கு கிட்டார்களில்தான் நான் நல்ல பொருள்களைப் பிடித்திருக்கிறேன்.

ட்ரஸ் ராடைப் பற்றி 'யோயூ அரி' என்று ஒரு வரி இருந்தால், இன்னும் திருப்ப இடமிருக்கிறது என்று பொருள். அந்த வரிக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

படி 5: வரவழைப்பது

ஜப்பானிய ஏலங்களில் பல விற்பனையாளர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பமாட்டார்கள். நமக்காக ஏலம் கேட்டு, பொருளை வாங்கிக் கட்டி அனுப்பும் இடைத்தரகு சேவைகள் இருக்கின்றன. அவர்களின் கூலி, உள்நாட்டுத் தபால், கப்பல் அல்லது விமானக் கட்டணம், நம் ஊர் சுங்கம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே ஏலத்தில் கை வையுங்கள். கிட்டாரின் விலையை விடப் போக்குவரத்து கூடிப்போவது சாதாரணம். சுங்கத்துக்கு உண்மையான விலையையே எழுதச் சொல்லுங்கள். குறைத்து எழுதி மாட்டினால் பெட்டி கிடங்கிலேயே கிடக்கும். சென்னையின் ஈரத்தில் கிடங்கில் கிடப்பது கிட்டாருக்கு ஆகாது.

ஃபிங்கர்போர்டில், அதாவது நெக்கில் விரல் வைக்கும் பலகையில், வரும் ரோஸ்வுட் மரம் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 2017இல் ரோஸ்வுட் இனங்கள் அனைத்தையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது உண்மை. 2019 நவம்பரிலிருந்து செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்துவிட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அது 1992 முதல் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. "பிரேசில் ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு" என்று விளம்பரத்தில் பெருமையாக எழுதியிருந்தால், அனுமதிச் சான்று இருக்கிறதா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

நெக் ஸ்க்ரூவில் மாட்டியிருக்கும் கிட்டாராக இருந்தால் கழற்றி இரண்டு துண்டாக அனுப்பச் சொல்லலாம். பெட்டி சின்னதாகும், ஹெட்ஸ்டாக் ஒடியும் பயமும் குறையும். லெஸ் பால் வகை ஒட்டு நெக் என்றால் ஹெட்ஸ்டாக்குக்கு அடியிலும் மேலும் மெத்தை வைக்கச் சொல்லுங்கள். அவை ஒடிவது எப்போதும் அங்கேதான்.

1960களின் குயாடோன், டெய்ஸ்கோ ஆம்புகளையும் சேர்த்து வாங்க ஆசை வரும். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் எரிந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதோடு, அந்தக் காலத்து இரண்டு கம்பி பிளக்கை எடுத்துவிட்டு எர்த்தோடு மூன்று கம்பி போடும் வேலையை, வால்வு ஆம்ப் தெரிந்தவரிடம்தான் கொடுக்கவேண்டும். அணைத்துவைத்த ஆம்புக்குள்ளும் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தேங்கி நிற்கும்.

படி 6: மேசை மேல்

பெட்டி வந்ததும் ஒரு நாள் அப்படியே வையுங்கள். மரம் நம் வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும். பிறகு திருப்புளியை எடுப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். ஜப்பானிய ஸ்க்ரூவின் நட்சத்திரத் தலை நம் கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளிக்கானது இல்லை. அது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தரத்தில் வெட்டியது. பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் பிலிப்ஸ் முனை அதில் முழுக்க உட்காராமல் மேலே எழும்பும், இரண்டு திருப்பில் தலை வழவழவென்று ஆகிவிடும். ஐம்பது ஆண்டு துருவோடு இறுகிய ஸ்க்ரூ தலை மழுங்கினால் பிறகு துளைத்துத்தான் எடுக்கவேண்டும். ஜே.ஐ.எஸ். திருப்புளி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஜப்பானிய பைக் பார்க்கும் மெக்கானிக்குக்கு இது நன்றாகத் தெரியும்.

என் 1979 கிரெக்கோவை முதன்முதலில் பிரித்த நாள் நினைவிருக்கிறது. பிரிட்ஜ் பிக்கப்பைத் தூக்கியதும் அடியில் மரத்தூள் இன்னும் பொடியாக இருந்தது. கம்பியெல்லாம் ஒரே நீளத்தில் வெட்டி, பற்றவைத்த ஈயம் ஒவ்வொன்றும் மிளகு போல உருண்டு பளபளத்தது. பிக்கப்பின் முதுகில் மங்கிய மையில் எண் முத்திரை. தலைகீழாகப் பிடித்து, டார்ச் அடித்து, ஆண்டைக் கண்டுபிடித்தேன். சீரியல் எண்ணோடு பொருந்தியது. அந்தக் காலத்து கிரெக்கோ, ஐபனெஸ் பிக்கப்புகளில் பலவற்றை மேக்ஸான் பெயரில் செய்தது நிஷின் ஓன்பா என்ற நிறுவனம். இப்படிப் பொருந்துகிற கிட்டாரில் எதையும் மாற்றாதீர்கள்.

துடைக்கும் வேலை எளிது. வால்யூம், டோன் திருப்பும் பொட்டென்ஷியோமீட்டரிலும் சுவிட்சிலும் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு முப்பது முறை திருப்புங்கள். டெய்ஸ்கோவின் வெள்ளை ராக்கர் சுவிட்சுகள் பேசாமல் போவதற்குப் பெரும்பாலும் அழுக்குதான் காரணம். குரோமின் மேல்துருவை, சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் எடுக்கலாம். குமிழ் தொலைந்திருந்தால் அமெரிக்க அளவுக் குமிழை அழுத்தி ஏற்றாதீர்கள். ஜப்பானிய தண்டின் பற்கள் வேறு எண்ணிக்கை, குமிழ் பிளந்துவிடும்.

டெய்ஸ்கோவின் புகழ்பெற்ற கோல்ட் ஃபாயில் பிக்கப், ஆம்ப் அதிகம் வைத்தால் கீச்சிடும். அதைத் தடுக்க மெழுகில் முக்கச் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். உள்ளே கட்டுப்படாமல் அதிரும் அந்தத் தன்மையில்தான் அதன் உயிர் இருக்கிறது. அமெரிக்கக் கிட்டாரிஸ்ட் ரை கூடர் தன் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்துப் பக்கத்தில் இந்த டெய்ஸ்கோ பிக்கப்பைப் பொருத்தி வாசித்ததால்தான் உலகம் இதைத் தேட ஆரம்பித்தது. இன்று பிக்கப்புக்காகவே முழுக் கிட்டாரைப் பிரித்து விற்கிறார்கள். நல்ல நெக் உள்ள கிட்டாரை அப்படிப் பிரிப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

படி 7: செட்டப்

முதலில் தந்தி. 1960களின் கிட்டாருக்கு 9 கேஜ் மெல்லிய தந்தி போட்டால் பிரிட்ஜில் உட்காராமல் பக்கவாட்டில் துள்ளும். 11 போடுங்கள், முடிந்தால் ஃப்ளாட்வுண்டு (மேலே தட்டைக் கம்பி சுற்றிய வழவழப்பான தந்தி).

அடுத்து நெக்கின் வளைவு. ஆறாவது தந்தியை, அதாவது மிகத் தடித்ததை, முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் சேர்த்து அழுத்துங்கள். நடுவில், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே, தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும். ட்ரஸ் ராட் இருந்தால் தந்தியைத் தளர்த்திவிட்டுக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். இறுகி நின்றால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். பழைய ராட் முறிந்தால் நெக்கைப் பிளந்துதான் மாற்றவேண்டும்.

டெய்ஸ்கோ வகைகளில் அடுத்த பிரச்சினை: பிரிட்ஜை முழுக்க இறக்கியும் தந்தி உயரமாகவே நிற்கும். நெக் உட்காரும் குழியில், பிரிட்ஜுக்கு அருகே உள்ள விளிம்பில் மெல்லிய மரச்சீவல் ஒன்றை வைத்து நெக்கை மாட்டுங்கள். அரை மில்லிமீட்டர் போதும். நெக் கொஞ்சம் பின்சாயும், பிரிட்ஜை உயர்த்த இடம் கிடைக்கும், தந்தி பிரிட்ஜ் மேல் அழுந்தி உட்காரும். இந்த ஒரு சீவல் ஒலியையே மாற்றிவிடும். 12ஆவது ஃப்ரெட்டில் தந்தி உயரம் 1.8 முதல் 2 மி.மீ. வரை வைத்தால் கைக்கும் நல்லது, ஒலிக்கும் நல்லது. நட்டுக்கு (ஹெட்ஸ்டாக் பக்கம் தந்தியைத் தாங்கும் துண்டு) பக்கத்திலேயே ஒரு பூஜ்ய ஃப்ரெட் இருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். அதில் பள்ளம் விழுந்திருந்தால் அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

1970களின் கிட்டார்களுக்கு இவ்வளவு தேவைப்படாது. ஃப்ரெட்டை மட்டம் செய்து இன்டொனேஷன் (நெக் முழுக்க ஸ்ருதி சேர்கிறதா என்று) பார்த்தால் பெரும்பாலும் முடிந்தது.

வைக்கும் இடம் பற்றிச் சுருக்கமாக. கடற்கரை ஊர்களில் எதிரி ஈரமும் உப்பும்தான். வாசித்து முடித்ததும் தந்தியையும் பிரிட்ஜையும் துடையுங்கள். கேஸுக்குள் சிலிக்கா ஜெல் போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள். டோக்காய், கிரெக்கோவின் உயர்ந்த மாடல்களில் லாக்கர் பூச்சு உண்டு. ரப்பர் ஸ்டாண்டில் சாய்த்துவைத்தால் அந்தப் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும். ஸ்டாண்டின் மேல் பருத்தித் துணி சுற்றிவிடுங்கள்.

படி 8: வாசியுங்கள்

கிரெக்கோவும் டோக்காயும் எந்த இசைக்கும் வளைந்து கொடுக்கும். 1960களின் கிட்டாருக்கு அதன் பேச்சைக் கேட்டு வாசிக்கவேண்டும். நீண்ட தந்தி இழுப்புகள் வேண்டாம், ஸ்ருதி தடுமாறும். ஆம்பை அதிகம் சிதறவிடாமல் சுத்தமான ஒலியில், ஸ்ப்ரிங் ரிவெர்பை (ஆம்பின் எதிரொலி) தாராளமாக வையுங்கள். தந்தியின் ஸ்ருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ கையை மெல்ல ஆட்டுங்கள். அழுத்தித் தள்ளினால் திரும்பி வராது.

நெக் வளைந்த கிட்டார் உங்களிடமும் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். தந்தியை உயர்த்தி, டி அல்லது ஈ ஓபன் டியூனிங் (ஃப்ரெட்டை அழுத்தாமல் தட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும் ஸ்ருதி) வைத்து, விரலில் ஸ்லைடு குழாயை மாட்டுங்கள். சிகாகோவின் ப்ளூஸ் கலைஞர் ஹவுண்ட் டாக் டெய்லர் காவாய் செய்த நான்கு பிக்கப் கிங்ஸ்டன் கிட்டாரில்தான் ஸ்லைடு வாசித்தார். அவருடைய ஆல்பத்தை வெளியிடுவதற்கென்றே 1971இல் அலிகேட்டர் ரெக்கார்ட்ஸ் தொடங்கப்பட்டது.

கடைசியாக, அந்த வென்ச்சர்ஸ் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் முதலில் பழகிய ஒன்றை நீங்களும் பழகுங்கள். ஜப்பானில் அதற்கு 'தெகெதெகெ' என்று பெயர், அதன் சத்தமே பெயராகிவிட்டது. வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் மேல் லேசாக வைத்துத் தந்தியை அடக்குங்கள். ஆறாவது தந்தியில் 15ஆவது ஃப்ரெட்டுக்குப் பக்கம் விரலை வைத்து, பிக்கை மேலும் கீழுமாக இடைவிடாமல் வேகமாக அடியுங்கள். அடித்துக்கொண்டே இடது விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல் முதல் ஃப்ரெட் வரை சறுக்கிக்கொண்டு வாருங்கள். ரிவெர்ப் நான்கில் இருக்கட்டும். பிரிட்ஜ் பிக்கப்பில் ஒருமுறை, கழுத்துப் பிக்கப்பில் ஒருமுறை. எந்தப் பிக்கப்பில் அது மரப்படியில் பந்து உருண்டு இறங்குவது போலக் கேட்கிறதோ, அதிலேயே விட்டுவிட்டு மறுபடி 15ஆவது ஃப்ரெட்டுக்குப் போங்கள்.